காணி உறுதியை எடுக்க முன்: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் நிதிக் கடிதத்தைக் கணக்குப் பார்க்கும் முறை

பெரும்பாலும் பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் கடிதம் வரும். அதில் 22,000 டொலர் என்று ஒரு தொகை இருக்கிறது என்று வையுங்கள். டொலர் 300 ரூபாய் என்றால் 66 லட்சம். அதைப் பன்னிரண்டால் பிரித்து, மாதம் ஐந்தரை லட்சம் என்று வீடு கணக்குப் போடும். அதை நம்பி நகை அடகுக்குப் போகும், தங்கச்சியின் கலியாணத்துக்கும் நாள் குறிக்கப்படும். இந்தக் கணக்கில் மூன்று பிழைகள் உண்டு. அந்தத் தொகை அநேகமாக ஒன்பது மாதத்துக்கானது. அதிலிருந்தே பல்கலைக்கழகம் சில கட்டணங்களைத் திரும்ப எடுக்கும். வரியும் போகும்.

கையில் உண்மையில் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் பார்க்கும் முறையைக் கீழே தருகிறோம். விஞ்ஞானம், கணிதம், பொறியியல் படித்து மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களையும், அவர்களுக்குக் காசு ஒழுங்கு செய்யும் பெற்றோரையும் நினைத்தே எழுதுகிறோம்.

முதுமாணியா, நேரே பிஎச்டியா?

இங்கு முதுமாணி முடித்த பிறகுதான் கலாநிதிப் பட்டம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அமெரிக்காவில் நான்கு வருட இளமாணிப் பட்டத்தோடு நேரே பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். பணத்தைப் பொறுத்தவரை வழிகாட்டி முழுவதிலும் முக்கியமான விசயம் இதுதான். விஞ்ஞான, பொறியியல் துறைகளில் பிஎச்டி மாணவருக்குப் பெரும்பாலும் படிப்புக் கட்டணத்தைத் தள்ளி, மாதப்படியும் கொடுப்பார்கள். முதுமாணி மாணவரிடமோ பெரும்பாலும் முழுக் காசையும் வாங்குவார்கள். ஒரே துறை, ஒரே வகுப்பறை, ஆனால் ஒருவர் சம்பளம் வாங்குகிறார், மற்றவர் காணி விற்ற காசைக் கட்டுகிறார். பிஎச்டிக்குத் தகுதி இருந்தும், முதலில் மாஸ்டர்ஸ் செய்வோம் என்று சொந்தக் காசில் போவது பலர் செய்யும் பெரிய இழப்பு. ஆய்வில் விருப்பம் இல்லாதவரை நாங்கள் பிஎச்டிக்குத் தள்ளவில்லை. ஐந்து, ஆறு வருடம் ஓர் ஆய்வோடு இருக்க மனம் வேண்டும்.

யாழ் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடப் பொதுப் பட்டம் பெற்றவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்கு வருடப் பட்டத்தைக் கேட்கும். விண்ணப்பக் கட்டணம் கட்ட முன் துறைக்கு எழுதிக் கேளுங்கள், கட்டிய காசு திரும்பி வராது. அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்றும் அதே மின்னஞ்சலில் கேட்கலாம். கேட்டவர்களுக்குச் சில துறைகள் கொடுக்கின்றன. பெறுபேற்றுத் தாளின் ஸ்கேன் பிரதி விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் போதும். பதிவாளரின் முத்திரையிட்ட பிரதியை அனுமதி கிடைத்த பிறகு அனுப்பலாம். பட்டத்தை மதிப்பிடும் வெளி நிறுவனங்களுக்கு, பல்கலைக்கழகம் கேட்டால் மட்டும் காசு கட்டுங்கள்.

கடிதத்தில் உள்ள சொற்கள்

ரியூசன் என்றால் நமக்குப் பின்னேர வகுப்பு. அமெரிக்கக் கடிதத்தில் அது பாடங்களுக்குப் பல்கலைக்கழகம் அறவிடும் கட்டணம். 'பீஸ்' என்பது அதற்கு வெளியே வருவது: பஸ், உடற்பயிற்சிக் கூடம், கணினி வசதி, மாணவர் சுகாதார நிலையம், வெளிநாட்டு மாணவர் அலுவலகம் என்று துண்டு துண்டாக வரும். தமிழில் இரண்டையும் 'கட்டணம்' என்றே சொல்லிவிடுகிறோம், வேறுபாடு அங்கேயே தொலைகிறது. கடிதத்தில் 'ரியூசன் வேவர்' அல்லது 'ரியூசன் ரெமிஷன்' என்று இருந்தால் முதலாவதுதான் தள்ளுபடி, இரண்டாவது உங்கள் தலையில். ஒவ்வொரு செமஸ்டருக்கும் சில நூறு டொலரில் தொடங்கி ஆயிரத்துக்கு மேலும் இது போகக்கூடும்.

தள்ளுபடியிலும் வகை உண்டு. சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் வெளிமாநில மாணவருக்கான மேலதிகத் தொகையை மட்டும் தள்ளி, உள்மாநில மாணவர் கட்டும் அளவை உங்களைக் கட்டச் சொல்லும். 'முழு ரியூசனும் தள்ளுபடியா, வெளிமாநில வேறுபாடு மட்டுமா' என்ற ஒரு கேள்வி பல ஆயிரம் டொலருக்குச் சமன்.

'0.50 எஃப்டிஇ' என்றால் அரைநேர வேலை, கிழமைக்கு 20 மணித்தியாலம். 0.25 என்றால் 10 மணித்தியாலம். 0.25 இல் சம்பளம் பாதியாவதோடு, தள்ளுபடியும் பாதியாகலாம், இல்லாமலும் போகலாம்.

'டிஏ' என்பது கற்பித்தல் உதவியாளர், சம்பளம் துறையிலிருந்து வரும். 'ஆர்ஏ' ஆய்வு உதவியாளர், சம்பளம் ஒரு பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து வரும். மானியம் முடிந்தால் அந்தக் காசும் முடியும். 'ஃபெலோஷிப்' என்றால் வேலை இல்லாத உதவித்தொகை. கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் உள்ளவரின் ஃபெலோஷிப்பில் வழக்கமாக 14 வீதம் வரி முன்னதாகவே பிடிக்கப்படும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு கடிதத்தைக் கணக்குப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு கடிதம்: 0.50 டிஏ, ஒன்பது மாதத்துக்கு 22,000 டொலர், முழு ரியூசன் தள்ளுபடி, பீஸ் மாணவர் பொறுப்பு, மருத்துவக் காப்புறுதியில் ஒரு பங்கு மாணவர் பொறுப்பு. ஒன்பதால் பிரித்தால் மாதம் 2,444 டொலர்.

இனிக் கழிப்போம். பீஸ் செமஸ்டருக்கு 700 என்று வைத்தால் வருடம் 1,400. காப்புறுதியில் உங்கள் பங்கு 1,200 என்று வைப்போம். அடுத்து கூட்டாட்சி வருமான வரி. 2025ஆம் ஆண்டு விகிதப்படி தனி ஆளுக்கு முதல் 11,925 டொலருக்கு 10 வீதம், அதற்கு மேல் 48,475 வரை 12 வீதம். 22,000 முழுவதும் ஒரே வருடத்தில் விழுந்தால் முதல் பகுதிக்கு 1,192, மிச்சம் 10,075க்கு 1,209, ஆகமொத்தம் ஏறக்குறைய 2,400.

22,000இல் 1,400, 1,200, 2,400 போக நிற்பது 17,000. ஒன்பது மாதச் சம்பளம் என்றாலும் சாப்பாடும் வாடகையும் பன்னிரண்டு மாதத்துக்கு. ஆகவே 17,000ஐப் பன்னிரண்டால் பிரியுங்கள்: 1,416. முதலில் பார்த்த 2,444 இங்கே வந்து நிற்கிறது. டெக்சாஸ், புளோரிடா, டென்னசி போன்ற மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரி இல்லை. மற்ற மாநிலம் பெரும்பாலானவற்றில் இன்னும் கொஞ்சம் கழியும்.

இந்த 1,416 போதுமா என்பது ஊரைப் பொறுத்தது. எம்ஐடி நடத்தும் வாழ்க்கைச் சம்பளக் கணிப்பானில் மாவட்டத்தின் பெயரைக் கொடுத்தால் வாடகை, உணவு, போக்குவரத்து என்று அந்த இடத்துச் செலவைக் காட்டும், இலவசம். தனி ஆளுக்கான எண்ணை அப்படியே எடுக்காதீர்கள், அது தனி வீட்டு வாடகையை வைத்துப் போட்ட கணக்கு. மாணவர்கள் இரண்டு மூன்று பேராக வீடெடுத்து இருப்பார்கள். எய்ம்ஸ், ஸ்டில்வாட்டர் போன்ற சிறு பல்கலைக்கழக ஊரில் பகிர்ந்த அறையோடு சமாளிக்கக்கூடிய தொகை, பொஸ்டனில் வாடகைக்கே போதாமல் போகலாம். பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்தின் 30,000 டொலரை விட, சிறிய ஊரின் 22,000 கையில் கூட மிஞ்சிய சந்தர்ப்பங்கள் உண்டு.

கலியாணம் செய்துகொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஃப்-2 விசாவில் வரும் கணவரோ மனைவியோ அங்கு வேலை செய்ய முடியாது. கூடவருபவருக்காகப் பல்கலைக்கழகம் மேலும் சில ஆயிரம் டொலருக்கு வங்கிச் சான்றும் கேட்கும், அவருக்கான மருத்துவக் காப்புறுதியும் தனி. ஒரு மாதப்படியில் இரண்டு பேர் என்று கணக்கை மாற்றிப் போடுங்கள்.

ஒப்புக்கொள்ள முன் யாரிடம், எதைக் கேட்பது

பேராசிரியரிடம் அல்ல. துறையில் 'கிராஜுவேட் கோர்டினேட்டர்' என்று ஒருவர் இருப்பார், கட்டண விபரம் அவர் கையில்தான். மரியாதையாக, சுருக்கமாக, எண்ணிட்டுக் கேளுங்கள். காசு கேட்பது வெட்கம் என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். அங்கு இது சாதாரணக் கேள்வி, ஒருவரும் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

1. தொகை எத்தனை மாதத்துக்கு? கோடைக்கு நிதி உண்டா, கடந்த வருடம் எத்தனை பேருக்குக் கிடைத்தது?
2. தள்ளுபடிக்குப் பிறகு ஒரு செமஸ்டருக்கு நான் கட்ட வேண்டிய பீஸ் டொலரில் எவ்வளவு? அதைச் சம்பளத்தில் தவணையாகக் கழிப்பீர்களா, முதல் மாதமே கட்ட வேண்டுமா?
3. காப்புறுதியில் என் பங்கு எவ்வளவு?
4. நிதி எத்தனை வருடத்துக்கு உறுதி? எந்தப் புள்ளிக்குக் கீழே போனால் நிறுத்துவீர்கள்?
5. ஆர்ஏ என்றால், அந்த மானியம் எப்போது முடிகிறது? முடிந்தால் துறை டிஏ தருமா?
6. முதல் சம்பளம் எந்தத் திகதியில்?

ஐந்தாவது கேள்வியை விடவே வேண்டாம். 2025இல் கூட்டாட்சி அரசு பல ஆய்வு மானியங்களை நிறுத்தியபோது, சில பல்கலைக்கழகங்கள் பிஎச்டி அனுமதியைக் குறைத்தன. சில, கொடுத்த அனுமதியையே மீளப் பெற்றன. பேராசிரியர் நல்லவர் என்பது இங்கு உதவாது, காசு அவருடையதல்ல.

டிஏ கிடைத்தவர்களுக்கு இன்னொன்று. வெளிநாட்டு மாணவர் வகுப்பெடுக்க முன் பேச்சாங்கிலச் சோதனை ஒன்றில் சித்தியடைய வேண்டும் என்பது பல பல்கலைக்கழகங்களின் விதி. டோஃபல் ஆங்கிலத் தேர்வின் மொத்தப் புள்ளி நன்றாக இருந்தாலும் பேச்சுப் பகுதி குறைந்தால் டிஏ கைநழுவலாம். எழுத்தில் கெட்டிக்காரரான நம் மாணவர்கள் தடுக்குவது இந்த இடத்தில்தான். விண்ணப்பிக்கும் வருடத்தில் தினமும் அரை மணித்தியாலம், உங்கள் பாடத்தில் ஒரு கணக்கையோ கருத்தையோ ஆங்கிலத்தில் சத்தமாக விளக்கிப் பழகுங்கள். கைப்பேசியில் பதிவுசெய்து திரும்பக் கேளுங்கள்.

பட்டதாரி ஊழியர்களுக்குத் தொழிற்சங்கம் உள்ள பல்கலைக்கழகமானால் ஒப்பந்தம் இணையத்தில் கிடைக்கும், குறைந்தபட்சச் சம்பளம் அதில் எழுதியிருக்கும். 2022 கடைசியில் கலிபோர்னியப் பல்கலைக்கழக அமைப்பில் ஏறக்குறைய 48,000 ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகே அங்கு உதவியாளர் சம்பளம் பெரிதாக உயர்ந்தது. உங்கள் கடிதத்தில் உள்ள எண் ஒப்பந்தத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பதில் சொல்ல அவசரப்படுத்தினால் பயப்பட வேண்டாம். பட்டப்பின் கல்லூரிகள் பெரும்பாலானவை கையொப்பமிட்ட பொது இணக்கப்படி, நிதியோடு வரும் அனுமதிக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல மாணவருக்கு நேரம் உண்டு. இரண்டு கடிதம் இருந்தால் இரண்டையும் மேலே சொன்ன மாதிரிக் கழித்து, பன்னிரண்டால் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

'பாட் டைம் செய்து கட்டலாம்' என்ற பேச்சு

சொந்தக் காசில் முதுமாணிக்கு அனுப்பும் முகவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். படிப்பு நடக்கும் காலத்தில் எஃப்-1 மாணவர் வளாகத்துக்குள் மட்டும், கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேற்படாமல் வேலை செய்யலாம். கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009இலிருந்து மணிக்கு 7.25 டொலர். தாராளமாக 12 டொலர் என்றே வைப்போம். கிழமைக்கு 240, வருடத்தில் முப்பது கிழமை என்றால் 7,200. வருடத்துக்கு 25,000 டொலர் படிப்புக் கட்டணமானால் இந்தக் காசு சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே காணாது. கட்டணத்துக்கு ஒரு சதமும் நிற்காது. வளாகத்துக்கு வெளியே கடையிலோ எண்ணெய் நிலையத்திலோ அனுமதியின்றி வேலை செய்தால் விசா நிலை போய்விடும். பிறகு திருத்துவது மிகக் கடினம். 0.50 டிஏ உள்ளவரோ அந்த 20 மணித்தியாலத்தையும் ஏற்கெனவே பாவித்துவிட்டார்.

முகவர் இலவசமாக வேலை செய்கிறார் என்றால், கல்லூரி அவருக்குக் கொமிஷன் கொடுக்கிறது என்று பொருள். கொமிஷன் கொடுக்காத, நிதி கொடுக்கும் பல்கலைக்கழகத்தை அவர் உங்களுக்குக் காட்டமாட்டார். கொழும்பில் உள்ள ஐக்கிய அமெரிக்க–இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவிடம் விசாரித்தால் அப்படி ஒரு பக்கச்சார்பு இருக்காது.

கடன் எடுப்பவர்கள் 2022ஐ மறக்க வேண்டாம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. கட்டணம் டொலரில், கடன் ரூபாயில் என்றால், முதல் வருடத்துக்கு எடுத்த கடனைப் போல இரண்டாம் வருடத்துக்கு ஒன்றே முக்கால் மடங்கு தேவைப்படலாம். படிப்பு முடிந்து வேலை செய்து அடைப்போம் என்றால், படித்த துறையில் வேலை செய்ய மாணவர் விசாவிலேயே கிடைக்கும் அனுமதி (ஓபிடி) பன்னிரண்டு மாதம், விஞ்ஞான–தொழினுட்பத் துறைகளுக்கு மேலும் 24 மாதம். அதற்கு அடுத்த எச்-1பி என்ற வேலை விசாவில், 2025 செப்டெம்பரில் வந்த ஆணை நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய விண்ணப்பங்களுக்கு 100,000 டொலர் கட்டணம் விதித்தது. குடியிருக்கும் வீட்டுக் காணியை ஈடு வைத்து எடுக்கும் கடனை இந்த விசாவை நம்பி எடுக்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

உயர்தரத்தோடு இளமாணிக்குப் போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சில இடங்கள் குடும்பத்தின் வசதியைப் பாராமல் தெரிவுசெய்து, தேவை முழுவதையும் தாங்களே கொடுக்கின்றன. போட்டி மிகக் கடுமை. அவை தவிர்ந்த இடங்களில் 'நிதியுதவி வேண்டும்' என்று குறிப்பது அனுமதியையே பாதிக்கலாம். வருடம் 10,000 டொலர் புலமைப்பரிசில் என்று கடிதம் வந்தால், வருடச் செலவு 60,000 என்றால் அதில் 10,000 கழித்து 50,000 கட்டச் சொல்கிறார்கள் என்று வாசியுங்கள்.

வங்கிச் சான்றும் கையில் கொண்டுபோகும் காசும்

விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் ஒரு பக்கம் வருடச் செலவு, மறுபக்கம் காசு வரும் வழி. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். உதவித்தொகை குறைந்தால், உதாரணமாக 4,500 டொலர் இடைவெளி இருந்தால், அந்தத் தொகைக்கு வங்கிக் கடிதம் கேட்பார்கள். சேமிப்பும் நிலையான வைப்பும் செல்லும். காணி உறுதி, மதிப்பீட்டறிக்கை, நகைப் பற்றுச்சீட்டு செல்லாது, ஏனென்றால் அவை உடனே காசாகாது. சீட்டுக் காசை நேர்முகத்துக்கு முதல் கிழமை கணக்கில் போட்டுக் காட்டினால் கேள்வி வரும். ஆறு மாதத்துக்கு முதலே கணக்கில் இருக்கட்டும். ரொறன்ரோவில் உள்ள மாமா பொறுப்பு நின்றால் அவருடைய வங்கிக் கடிதம், சம்பளச் சான்று, உறவை விளக்கும் கையொப்பமிட்ட கடிதம் மூன்றும் வேண்டும்.

சேவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டொலர், விசா விண்ணப்பம் 185. நேர்முகம் கொழும்பு காலி வீதியில் உள்ள தூதரகத்தில். 2025 மே கடைசியில் மாணவர் விசா நேர்முகங்களுக்குப் புதிதாக நாள் கொடுப்பது சில கிழமை நின்றது. மீளத் தொடங்கியபோது சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்கும்படி கேட்டார்கள். ஐ-20 கிடைத்த கிழமையே நாள் எடுங்கள்.

வகுப்பு ஓகஸ்ட் நடுவில் தொடங்கும், முதல் சம்பளம் பெரும்பாலும் செப்டெம்பரில்தான், சில இடங்களில் செப்டெம்பர் கடைசியில். அதற்கிடையில் வாடகை முற்பணமும் முதல் மாத வாடகையும் சாப்பாடும், சில வேளை பீஸின் முதல் தவணையும் வரும். முழு நிதியோடு போகிறவரும் 2,500 முதல் 3,500 டொலர் வரை கொண்டுபோக வேண்டும். இது கடன் வாங்கக்கூடிய காசு, சிறியது, ஒரு வருடத்தில் அடைக்கலாம்.

முதல் சம்பளச் சீட்டு

வேலையில் சேரும்போது, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று தீர்மானிக்கும் டபிள்யூ-4 படிவத்தில் 'தனி ஆள்' என்று குறித்து, 4சி இடத்தில் நீங்கள் வதிவற்ற வெளிநாட்டவர் (வரிக் கணக்கில் அந்த நாட்டு வதிவாளர் அல்லாதவர்) என்று எழுத வேண்டும். இதைத் தவறவிட்டால் மாதாமாதம் குறைவாக வரி பிடிபட்டு, ஏப்ரலில் ஒரே அடியாகக் கட்ட வரும்.

இணையத்தில் கிடைக்கும் தமிழ் விளக்கங்களில் பல இந்திய மாணவர்களுக்கானவை. இந்திய–அமெரிக்க வரி உடன்பாட்டின் 21ஆம் பிரிவு அவர்களுக்கு நிலையான கழிவை, அதாவது வருமானத்தில் ஒரு தொகைக்கு வரி போடாமல் விடுவதை, அனுமதிக்கிறது. இலங்கை மாணவருக்கு அது இல்லை. அதனால்தான் மேலே முதல் டொலரிலிருந்தே வரி போட்டோம். அந்தக் காணொளிகளைப் பார்த்து நிரப்பினால், கிடைக்கக் கூடாத காசு திரும்பி வந்து, பிறகு வட்டியோடு கேட்கப்படும். வருடாவருடம் நீங்கள் அனுப்ப வேண்டிய வரிப் படிவம் 1040-என்ஆர், கூடவே 8843. வருமானமே இல்லாத வருடத்திலும் 8843 அனுப்ப வேண்டும். டர்போடாக்ஸ் போன்ற மென்பொருள் வதிவாளருக்கான படிவத்தையே செய்யும், அதைப் பாவிக்க வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் வதிவற்றோருக்கான மென்பொருளை இலவசமாகத் தருகின்றன, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

சீட்டில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் என்று இரண்டு கழிவு இருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்து 7.65 வீதம், 22,000க்கு 1,683 டொலர். எஃப்-1 மாணவர் முதல் ஐந்து நாட்காட்டி வருடங்களுக்கு இதைக் கட்டத் தேவையில்லை. ஓகஸ்டில் போனாலும் அந்த வருடம் முழு வருடமாகவே எண்ணப்படும். பிடித்திருந்தால் முதலில் சம்பளப் பிரிவுக்கு எழுதித் திரும்பக் கேளுங்கள். அவர்கள் தராவிட்டால் 843, 8316 என்ற இரண்டு படிவங்களைச் சம்பளச் சீட்டுப் பிரதி, விசாப் பிரதி, நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு (ஐ-94) ஆகியவற்றோடு வரித் திணைக்களத்துக்கு அனுப்பலாம்.